புது நுரையீரல் கிடைத்த பிறகும் போராட்டம் ஏன் தொடர்கிறது?

நார்வேயின் பட்டத்து இளவரசி மெட்டே-மாரிட்டுக்கு நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்று 2025 டிசம்பரில் அந்நாட்டு அரண்மனை தெரிவித்தது. நுரையீரலில் தழும்பு படியும் நோய் அவருக்கு இருப்பது 2018இலேயே வெளியே சொல்லப்பட்டிருந்தது.

இப்படி ஒரு செய்தியைப் பார்த்ததும் நமக்குத் தோன்றுவது ஒன்றுதான்: நுரையீரல் கிடைக்குமா, அறுவைச் சிகிச்சை நல்லபடியா முடியுமா? முடிந்துவிட்டால் "பிழைச்சிட்டாங்க" என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆனால் மருத்துவர்களுக்குக் கடினமான பகுதி அதன் பிறகுதான் தொடங்குகிறது.

இதய, நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்கான அனைத்துலகச் சங்கத்தின் பதிவேட்டைப் பாருங்கள். 2010க்குப் பிறகு நுரையீரல் பெற்ற பெரியவர்களில் பாதிப் பேர்தான் ஆறரை ஆண்டுக்கும் சற்று மேலாக வாழ்கிறார்கள். இதயம் பெற்றவர்களுக்கு அதே கணக்கு 12 ஆண்டைத் தாண்டுகிறது. நுரையீரல் பெற்று 20 ஆண்டுக்கு மேல் வாழ்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம், நாள்பட்ட நிராகரிப்பு. மருத்துவர்கள் சுருக்கமாக 'கிளாட்' என்பார்கள். சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது வந்துவிடுகிறது.

உடல் ஏன் ஏற்க மறுக்கிறது?

நம் உயிரணுக்களின் மேல் அடையாள அட்டை மாதிரி சில புரதங்கள் இருக்கும். நோயெதிர்ப்பு அமைப்பு அதைப் பார்த்துத்தான் "இது நம்ம ஆள், இது வெளியாள்" என்று பிரிக்கிறது. தானமாக வந்த நுரையீரலில் இருப்பது வேறொருவரின் அடையாள அட்டை. காப்பாற்ற வந்த உறுப்பு என்பதெல்லாம் வெள்ளை அணுக்களுக்குத் தெரியாது. பார்த்ததும் தாக்கும்.

இந்த முதல் தாக்குதலை மருத்துவம் ஓரளவு கட்டுப்படுத்திவிட்டது. 1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் டாக்டர் ஜேம்ஸ் ஹார்டி மனிதருக்கு முதன்முதலாக நுரையீரல் மாற்றியபோது, நோயாளி 18 நாள்தான் வாழ்ந்தார். சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1983இல் கனடாவின் டொரொன்டோவில் சிகிச்சை பெற்ற ஒருவர் ஆறு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். திடீர் நிராகரிப்பு இன்றும் வருகிறது. ஆனால் அதிக அளவு ஸ்டீராய்டு மருந்தைச் சில நாள் ஏற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நாள்பட்ட நிராகரிப்பு அப்படி அடங்காது. 1984இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் மருத்துவர்கள் அதை முதலில் விவரித்தபோது, நோயாளிகளின் மிகச் சிறிய மூச்சுக்குழாய்கள் தழும்பால் அடைபட்டிருந்ததைக் கண்டார்கள். 40 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தத் தழும்பை அழிக்கும் மருந்து இன்னும் இல்லை.

சிறுநீரகம் இருக்கும் இடம் வேறு, நுரையீரல் இருக்கும் இடம் வேறு

மாற்றப்பட்ட சிறுநீரகம் வயிற்றுக்குள் பத்திரமாக மூடிக் கிடக்கும். நுரையீரலோ வெளியுலகத்துக்குத் திறந்த கதவு. ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று உள்ளே போய்வருகிறது. கிருமி, தூசி, சிகரெட் புகை, பக்கத்து இருக்கையில் இருமியவரின் சளித்துளி எல்லாம் அதோடு சேர்ந்து போகும். அறுவையின்போது நரம்புகள் வெட்டுப்படுவதால் புது நுரையீரலுக்கு இருமித் தள்ளும் உணர்வும் குறைந்துவிடுகிறது. இரவில் இரைப்பை அமிலம் மேலேறி மூச்சுக்குழாயில் கசிந்தால்கூட நோயாளிக்குச் சில நேரம் தெரியாது.

ஒவ்வொரு முறை இப்படிக் காயம் படும்போதும் அழற்சி ஏற்படுகிறது. அழற்சி கெட்டது என்று நினைத்துவிடாதீர்கள். முழங்காலில் சிராய்த்தால் சிவந்து, வீங்கி, பொருக்குத் தட்டி ஆறுகிறதே, அந்த வேலையைச் செய்வது அதுதான். முழங்காலில் சின்னத் தழும்பு விழுந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 2 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள மூச்சுக்குழாயில் அதே தழும்பு விழுந்தால் காற்று போக வழி இருக்காது.

சாதாரண நுரையீரலில் சளிக்காய்ச்சல் போனதும் அழற்சியும் அடங்கிவிடும். மாற்று நுரையீரலில் அது முழுமையாக அணைவதில்லை. காயம்பட்ட திசுவிலிருந்து வெளிவரும் புரதங்களை நோயெதிர்ப்பு அமைப்பு பார்க்கிறது, தானம் செய்தவரின் அடையாளம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது, அதற்கெதிராகவே நோயெதிர்ப்புப் புரதங்கள் உருவாகின்றன. அவை திசுவை மேலும் காயப்படுத்துகின்றன. சாம்பலுக்கடியில் இருக்கும் நெருப்பு மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் இது நடக்கும்.

காற்றின் தரத்துக்கும் இதில் பங்கு உண்டு. பெல்ஜியத்தின் லூவென் நகரில் நுரையீரல் மாற்றிக்கொண்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. பெரிய சாலைக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு நாள்பட்ட நிராகரிப்பும் மரணமும் அதிகம் என்று அது கண்டது. சாலைப் புகைதான் காரணம் என்று அந்த ஓர் ஆய்வை மட்டும் வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட நாளை மறக்காத சிங்கப்பூரர்களுக்கு, அடுத்த புகைமூட்டம் இந்த நோயாளிகளுக்கு எப்படி இருக்கும் என்று புரியும்.

மருந்தைக் கூட்டினால் போதாதா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நோயாளி வாழ்நாள் முழுக்க பொதுவாக மூன்று வகை மருந்து சாப்பிடுகிறார்: டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், கொஞ்சம் ஸ்டீராய்டு. அளவைக் கூட்டினால் நிராகரிப்பு குறையலாம். கூடவே கிருமித்தொற்று அதிகரிக்கும், சிறுநீரகம் கெடும், சில புற்றுநோய்களின் ஆபத்து உயரும். அதைவிடச் சிக்கல், நுரையீரலில் வரும் கிருமித்தொற்றே நிராகரிப்பைத் தூண்டிவிடும். அளவைக் குறைத்தாலும் ஆபத்து, கூட்டினாலும் ஆபத்து. மேலும், இந்த மருந்துகள் முக்கியமாக 'டி' அணுக்களைத்தான் அடக்குகின்றன. தழும்பை உருவாக்கும் அணுக்களை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை.

அதனால்தான் இவர்களின் அன்றாட வாழ்க்கையில் இவ்வளவு விதிகள். சீனப் புத்தாண்டுக்குக் கடைகளில் குவித்து வைத்திருக்கும் பம்பளிமாஸ் பழத்தைக்கூடத் தொடக்கூடாது. அது டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போகும்போது உங்களுக்கு லேசா தொண்டைக் கரகரப்பு, அந்த வீட்டு மாமா நுரையீரல் மாற்றிக்கொண்டவர் என்றால் தயவுசெய்து அன்றைக்குப் போகாதீர்கள். உங்களுக்கு மூன்று நாள் சளி, அவருக்கு நிரந்தர இழப்பாகிவிடலாம்.

இழப்பு என்பதை எப்படி அளக்கிறார்கள்? ஒரு குழாயில் பலமாக ஊதச் சொல்வார்கள். முதல் வினாடியில் எவ்வளவு காற்று வெளிவருகிறது என்பதுதான் கணக்கு. சிகிச்சைக்குப் பிறகு நோயாளி எட்டிய மிகச் சிறந்த இரண்டு அளவுகளின் சராசரியிலிருந்து 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைந்து, வேறு காரணமும் இல்லாமல், மூன்று மாதம் கடந்தும் மீளாவிட்டால் கிளாட் உறுதி. சிலர் கையடக்கக் கருவியில் வீட்டிலேயே ஊதிப் பார்த்துக் குறித்துவைக்கிறார்கள். எண் கொஞ்சம் இறங்கினாலே பதற்றம்.

நல்ல செய்தி ஏதாவது உண்டா?

உண்டு. ஸ்கேண்டினேவிய நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2024 தொடக்கத்தில் வெளியானது. 249 நோயாளிகளில் ஒரு குழுவுக்குப் பழைய சைக்ளோஸ்போரின், மற்றொரு குழுவுக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை டாக்ரோலிமஸ். மூன்று ஆண்டில் முதல் குழுவில் 39 விழுக்காட்டினருக்குக் கிளாட் வந்தது, இரண்டாவது குழுவில் 13 விழுக்காட்டினருக்கு மட்டுமே. புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, ஏற்கெனவே அலமாரியில் இருந்த இரண்டு மருந்துகளை முறையாக ஒப்பிட்டார்கள், அவ்வளவுதான். இந்த வகை ஆராய்ச்சிக்கு இன்னும் பணம் ஒதுக்கலாம் என்று தோன்றுகிறது.

வந்த பிறகு செய்யக்கூடியது குறைவு. அசித்ரோமைசின் கொடுத்தால் சிலருக்கு அழற்சி தணிந்து மூச்சு ஓரளவு திரும்பும். ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளை அணுக்கள்மேல் புற ஊதாக் கதிர் பாய்ச்சித் திருப்பி ஏற்றும் சிகிச்சையும் உண்டு; அது சரிவின் வேகத்தைக் குறைக்கலாம். கடைசி வழி, இன்னொரு நுரையீரல். முதல் முறைக்கே வரிசையில் ஆட்கள் காத்திருக்க, ஒருவருக்கு இரண்டாவது முறை கொடுப்பதா என்பது மருத்துவர்களே தடுமாறும் கேள்வி.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஹோட்டா எனப்படும் உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் வந்தது. அதிலிருந்து விலகாவிட்டால் எல்லா உறுப்பும் தானமாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் இருப்பவை சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி ஆகிய நான்கு மட்டுமே. நுரையீரல் அதில் இல்லை. நுரையீரலைத் தானம் செய்ய விரும்பினால் மருத்துவ சிகிச்சை, கல்வி, ஆராய்ச்சிக்கான தனிச் சட்டத்தின்கீழ் நீங்களே உறுதிமொழி தர வேண்டும். 18 வயதானால் போதும். தராமல் ஒருவர் இறந்தால், முடிவெடுக்க வேண்டியது குடும்பம். அதுவும் மருத்துவமனையில், சில மணி நேரத்துக்குள். உங்கள் விருப்பம் என்னவென்று அம்மா அப்பாவுக்குத் தெரிந்திருந்தால்தான் அவர்களால் பதில் சொல்ல முடியும்.