வண்ணம் பூச அவசரப்படாதீர்கள்



பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதைச் சீர்ப்படுத்துவதில் பல ஆண்டுகளைச் செலவிடுகிறவர்களை வீண்செலவாளிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அவ்வாறு கருதவில்லை. அவர்களிடமிருந்து சபை கற்றுக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்று உண்டு.

1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இருவர் அமரும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ட்ரையம்ப் ஹெரால்டு காரின் அடிச்சட்டத்தைக் குறுக்கியே அதைச் செய்தார்கள். அதே ஹெரால்டைத்தான் சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. முன்மூடி முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும் அந்த வண்டியை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஸ்பிட்ஃபயரின் பலவீனம் கதவுகளுக்குக் கீழே இருக்கிறது. இருபுறமும் பெட்டிபோல் மடிக்கப்பட்ட தகடுகள் நீளமாக ஓடுகின்றன. உடற்பகுதியின் உறுதி பெரும்பாலும் அவற்றைச் சார்ந்தது. உள்ளே புகும் நீரும் சேறும் அவற்றை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வண்ணம் பளபளவென்றிருக்கும். பயறளவு கொப்புளம் ஒன்று மேலே தோன்றும் நாளில், உள்ளே தகடு மிகவும் நலிந்துபோயிருக்கும்.

அப்பொழுது இரண்டு வழிகள் உண்டு. கொப்புளத்தைத் தேய்த்து, பட்டி பார்த்து, வண்ணம் பூசிவிடலாம். சில நாள் வேலை. புகைப்படத்தில் அழகாக இருக்கும். ஓரிரு மழைக்காலங்களில் துரு மீண்டும் தலைகாட்டும். இரண்டாவது வழி, நல்ல இரும்பு தென்படும் வரைக்கும் வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பது. அதற்கும் ஒரு முறை உண்டு. வெட்டுவதற்கு முன்னே கதவு இருக்கும் இடைவெளியில் இரும்புச் சட்டங்களைக் குறுக்கே பொருத்தித் தாங்கல் கொடுப்பார்கள். ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொடுவார்கள். தாங்கலின்றி இரு பக்கத்தையும் ஒருசேர வெட்டினால் உடற்பகுதி வளைந்துவிடும். பிறகு கதவு ஒழுங்காகச் சேராது. விடுமுறை நாட்களில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு இது ஆண்டுக்கணக்கில் நீளும் (ஞாயிறு காலையில் செய்யமாட்டார்கள் என்று நம்புகிறேன்!). பாகங்கள் கிடைக்காதது நம் பகுதியில் பெரிய தடையன்று; கணபதியிலோ பீளமேட்டிலோ லேத்துப் பட்டறையில் மாதிரியைக் கொடுத்தால் கடைந்து தருவார்கள். காலத்தை மட்டும் எவரும் கடைந்து தர இயலாது. அவினாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, பளபளப்பை மட்டும் காட்டாமல் இதையும் சொல்லுங்கள்.

இனி நம் காரியத்துக்கு வருகிறேன். குடிப்பழக்கத்தை விட்டு ஒரு சகோதரர் ஆலயத்துக்குள் வருகிறார். இரண்டாம் வாரமே அவரை மேடையேற்றி ஒலிபெருக்கியைக் கையில் கொடுக்கிற வழக்கம் நம் வட்டாரச் சபைகளில் பெருகியிருக்கிறது. அன்று மாலைக்குள் அந்தக் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றிவருகிறது. மூன்றாம் மாதம் அவர் தவறி விழுந்தால், வெட்கத்தினால் ஆலயப் படியேறுவதில்லை. பின்வாங்கிப் போனார் என்று நாம் பேசுகிறோம். அவர் பொய் சொல்லவில்லை. பட்டி பூசியது நாம். வீட்டிலிருந்த கடனையும், மனைவியின் அச்சத்தையும், வேலை முடிந்ததும் காத்திருக்கும் பழைய நண்பர்களையும் உடனிருந்து பார்க்க ஒருவரும் செல்லவில்லை.

தமஸ்குவிலே சவுல் உடனே பிரசங்கித்தாரே, சமாரியப் பெண் அன்றைக்கே ஊருக்குள் ஓடினாளே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் கிறிஸ்து இன்னார் என்று அறிவித்தார்கள். தங்களை முடிந்துபோன வேலையாகக் காட்சிக்கு வைக்கவில்லை. அந்தச் சவுலே பின்பு அரபி தேசத்துக்குப் போனதையும், மூன்று ஆண்டுகள் கழிந்தே எருசலேமுக்குச் சென்றதையும் கலாத்தியர் முதலாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். புதிதாய் விசுவாசத்துக்குள் வந்தவரைக் கண்காணியாக்க வேண்டாமென்று தீமோத்தேயுவுக்கு எழுதியவரும் அவரே.

தாங்கல் கொடாமல் வெட்டுவதும் இதே அளவு தீங்கானது. குடியையும், கடனையும், கோபத்தையும், பழைய சிநேகத்தையும் ஒரே வாரத்தில் விட்டுவிடு என்று நெருக்கப்படும் மனிதர் வளைந்துபோவார். முதலில் அந்த வீட்டுக்கு அரிசியும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் தேவைப்படலாம். அதுவும் ஊழியமே.

ஆகவே சபைக் கமிட்டியின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இப்படி வருகிறவர்களை ஓராண்டு வரைக்கும் சாட்சி மேடைக்கு அழைக்க வேண்டாம், காணொளியும் வேண்டாம். அவர்களாக எழுந்து ஆண்டவரைத் துதித்தால் தடுக்கவும் வேண்டாம். அந்த ஓராண்டும் மூப்பர் இருவர் வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குச் சென்று வரட்டும். இதற்கு மாறான கருத்துள்ளவர்கள் புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் பேசுங்கள், காத்திருப்பேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர், அன்னூர்