உழைக்கும் கைகளுக்கும் ஓய்வூதியம்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவர்)

அரசு ஊழியருக்கு ஓய்வு வயது உண்டு. குஜிலியம்பாறைக் காடுகளில் களையெடுக்கும் கைகளுக்கு ஏது ஓய்வு? கை ஓய்ந்தால் வருமானமும் ஓய்ந்துவிடுகிறது.

இக்குறையைப் போக்கவே 2015-இல் அடல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. 18 முதல் 40 வயது வரை உள்ளோர் வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேரலாம். 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் பெற, 20 வயதில் சேர்பவர் மாதம் 248 ரூபாய் செலுத்தினால் போதும். 40 வயதில் சேர்பவரோ 1,454 ரூபாய் செலுத்த வேண்டும். காலமே பெரும் முதல் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும் விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயருமானால், 40 ஆண்டுகளுக்குப் பின் அந்த 5,000 ரூபாய் இன்றைய 500 ரூபாய்க்கே ஏறத்தாழ ஈடாகும். ஆகவே வேலை கிடைத்ததும் பொது வருங்கால வைப்பு நிதி போன்றவற்றிலும் சேமித்தல் வேண்டும். அதிக வட்டி என்று ஆசை காட்டுவோரிடம் ஏமாறலாகாது. வைப்பீட்டாளரைக் காக்க 1997-இல் தமிழகத்தில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

நம் பெற்றோரில் பலர் 40-ஐக் கடந்துவிட்டனர். அவர்களுக்கு இக்கதவு அடைபட்டது. அவர்களுக்கு நாமே ஓய்வூதியம். நாளை நம் பிள்ளைகளுக்கு நாம் சுமையாகாதிருக்க, நண்பர்களே, இன்றே தொடங்குவோம்!