இன்டரப்ட் பேட்ச்சும் ஸ்பேஸ் எண்ணும் பெரியவர்களும்

லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு டிரைவர் பேட்ச் வருகிறது. இருபது வரிதான். உடனே நாலு பேர் ஓடி வந்து "டேப் எங்கே, ஸ்பேஸ் எங்கே, வேரியபிள் பெயர் நல்லா இல்லையே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இதைச் சொல்ல மனுஷன் எதுக்குங்க? செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்ட் சோர்ஸோடயே வருகிறது, அது பார்த்துக்கொள்ளும்.

இன்டரப்ட் ஒதுக்கீட்டில் கை வைக்கும் பேட்ச்சில் பார்க்க வேண்டியது வரிசையை. 'ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூ' கூப்பிட்டால், அது திரும்பி வருவதற்கு முன்பே ஹேண்ட்லர் ஓடலாம். லாக்கை இனிஷியலைஸ் செய்வதும் பஃபருக்கு மெமரி வாங்குவதும் அதற்குக் கீழே இருந்தால்... கதை முடிந்தது! எழுதியவர் மெஷினில் நூறு தடவை ஒழுங்காக பூட் ஆகும். அதே லைனை இன்னொரு கார்டு பகிர்ந்துகொள்ளும் யாரோ ஒருவரின் மெஷின்தான் படுத்துக்கொள்ளும்.

தானாக விடுவிக்கும் 'டெவ்எம்' ஃபங்ஷன்கள் வந்ததும் தொல்லை விட்டது என்று பலருக்கு நினைப்பு. பாதிதான் சரி. டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் முடிந்த பிறகுதான் அது இன்டரப்ட்டை விடுவிக்கும். ரிமூவுக்குள்ளேயே பஃபரைக் கையால் விடுவித்திருந்தால், நடுவில் வரும் இன்டரப்ட் செத்த மெமரியைத் தொடும். இதைப் பிடிக்கவே கெர்னலில் ஒரு டீபக் ஆப்ஷன் இருக்கிறது: பகிரப்பட்ட இன்டரப்ட்டை விடுவிக்கும்போது வேண்டுமென்றே ஹேண்ட்லரை ஒரு தடவை கூப்பிடும். "அதைப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று ஒரு ரிவ்யூவர் கேட்டால் அது ரிவ்யூ.

அடுத்து எண்ணிக்கை. எக்ஸ்86-ல் சிபியு ஒன்றுக்கு 256 வெக்டர். அதில் முதல் 32 எக்ஸப்ஷன்களுக்குப் போய்விடும். டிரைவர்களோ சிபியுவுக்கு ஒன்று வீதம் அள்ளிக் கேட்கின்றன. மெஷின் ஹைபர்னேட் ஆகும்போது ஒரு சிபியு தவிர மற்றதெல்லாம் ஆஃப் ஆகும். அவற்றின் இன்டரப்ட்டெல்லாம் மிச்சமிருக்கும் ஒன்றின் தலையில் வந்து விழுந்தால் இடம் ஏது? 2018 ஜனவரியில் வந்த 4.15-ல் தாமஸ் கிளைக்ஸ்னர் எக்ஸ்86 வெக்டர் ஒதுக்கீட்டையே திருத்தி எழுதினார். அதற்காக டிரைவர்காரர்கள் காலாட்டிக்கொண்டு இருக்க முடியாது. 'பிசிஐ அலாக் ஐஆர்க்யூ வெக்டர்ஸ்' குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண் வாங்குவது சும்மா இல்லை. 32 கேட்டு 1 மட்டும் கிடைத்தால் டிரைவர் என்ன செய்யும்? பேட்ச்சில் பெரும்பாலும் டெஸ்ட் ஆகாமல் வரும் வரிகள் அங்கேதான் இருக்கும், ஸ்பேஸெல்லாம் கச்சிதமாக :-)