முற்றிய பிறகு பரேலுக்கு ஓடுவதா?



பரேல் டாடா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளைப் பார்க்காத மும்பைத் தமிழர் குறைவு. பீகார், வங்காளம், உத்தரப் பிரதேசம் என்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்கள், மருத்துவக் காகிதப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார்கள். 1941-இல் தொடங்கப்பட்டு, 1962 முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் பொறுப்பில் நடந்துவரும் மருத்துவமனை அது. அங்குள்ள டாக்டர்களின் திறமையை நாம் குறை சொல்லவில்லை. குறை, அந்த நோயாளிகளை நோய் முற்றும்வரை கவனியாமல் விட்ட ஊர்களில் இருக்கிறது. நாம் குடியிருக்கும் குடிசைப் பகுதிகளிலும் இருக்கிறது.

2022-இல் மட்டும் இந்தியாவில் சுமார் 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்ததாகவும், சுமார் 9 லட்சம் பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணக்கு கூறுகிறது. ஆண்களுக்கு வருவதில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. புகையிலை போடும் தொழிலாளியின் வாயில் வெள்ளைத் திட்டு படர்கிறது. வலி இல்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். ஆகவே மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொள்கிறான். மனைவிக்கு மாதவிலக்கு நின்ற பிறகும் இரத்தம் படுகிறது. கூச்சத்தால் யாரிடமும் சொல்வதில்லை. இதை அறியாமை என்று சொல்லிக் கைகழுவுவது எளிது. ஆனால் தேடி வந்து பார்த்தவர் யார்?

30 வயது கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் வழிமுறை வகுத்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்போ, 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்கிறது!

இது பெரும் செலவு பிடிக்கும் சோதனையா? இல்லை. வினிகரைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பதுதான். 1998-இல் தொடங்கி, இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு டாடா மருத்துவமனை ஆய்வு நடத்தியது. பள்ளிப் படிப்பு மட்டுமே முடித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதிக்க வைத்தார்கள். அந்நோயால் நேரும் சாவு 31 சதவீதம் குறைந்தது. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில் 35 சதவீதம் குறைந்தது. ஏழைப் பெண்களைக் கொண்டு உலகம் பாடம் கற்றது. பலன் மட்டும் அவர்கள் வாசலுக்கு முழுதாக வந்து சேரவில்லை.

நோயைக் கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? ‘கரண்ட் வைப்பது’ என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 முதல் 7 வாரம் நடக்கும். பெருநகரம் போய்த் தங்கும் கூலிக் குடும்பம் அதற்குள் கடனாளியாகிறது. எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்றாண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையம் அமையும் என்று 2025 மத்திய பட்ஜெட் சொன்னது. வரவேற்போம். ஆனால் ஊசி மருந்து ஏற்ற இடம் கொடுப்பதோடு கடமை முடியாது.

புலம்பெயர்ந்த நமக்கு இன்னொரு இடி. குடும்ப அட்டை ஊரில், உழைப்பு இங்கே. தமிழக அரசின் காப்பீடு தமிழக அட்டையைக் கேட்கிறது. மகாராஷ்டிர அரசின் திட்டம் மகாராஷ்டிரச் சான்றைக் கேட்கிறது. நோய் எந்த அட்டையையும் கேட்பதில்லை!

2025-க்குள் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதம் சுகாதாரத்துக்கு என்றது 2017 தேசியக் கொள்கை. 2021-22-இல் அரசுகள் செலவிட்டது 1.84 சதவீதம்தான். அதே ஆண்டு நாட்டின் மருத்துவச் செலவில் 39 சதவீதத்தை மக்களே கைப்பணத்திலிருந்து கொடுத்தார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று: குடிசைப் பகுதி மருந்தகங்களில் வேலை முடிந்து வரும் நேரத்தில் வாரம் ஒரு நாள் சோதனை, நோய் தெரிந்தவரை அலையவிடாமல் சிகிச்சையில் சேர்க்கும் பொறுப்பு, எந்த மாநில அட்டையானாலும் உழைக்கும் இடத்தில் காப்பீடு. அடுத்த மாநகராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் இவற்றை எழுத்தில் கேட்போம். அதற்கு முன், வாயில் ஆறாத புண் இருப்பவர் இந்த வாரமே போய்க் காட்டட்டும். ஒரு நாள் கூலி போகட்டும், உயிர் மிஞ்சும்.