கரைவலையும் நியூற்றன் விதிகளும்

விசையெனப்படுவது ஒரு தள்ளுகை அல்லது இழுகை என்று உடப்பிலும் கற்பிட்டியிலும் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவர் மனனஞ் செய்கின்றனர். அவ்வரைவிலக்கணத்திற்கு உதாரணமாகக் கரும்பலகையிற் பெரும்பாலும் வரையப்படுவது, உராய்வற்ற மேசைமீது வைத்த ஒரு மரக்குற்றியாகும். உலகில் எங்குமில்லாத அந்த மேசை, பாடசாலை மதிலுக்கு அப்பாற் கரைவலை இழுக்கும் மாந்தரை மறைத்துவிட்டது. இது கற்பித்தல் முறையின் சிறுகுறை அன்று. புத்தளக் கரையோரத்தின் ஒரு தலைமுறையையே விஞ்ஞானத்திற்குப் புறத்தே நிறுத்தும் செயல்.

கரைவலையைச் சற்றே நோக்குக. வலையின் இரு தலைக்கயிறுகளையும் இரு குழுவினர் கரையினின்று இழுக்கின்றனர். ஒவ்வொருவனும் தன் விருப்பப்படி தனித்தனியே இழுப்பானாயின், எவன் விசையும் வலையின் தடையை வெல்லாது. யாவரும் ஒரே கணத்தில் ஒரே திசையில் இழுக்கும்போதே விசைகள் கூடுகின்றன. அக்கணத்தைக் குறித்துக் கொடுப்பதே அம்பாப் பாடல். வலை கரையை நெருங்க நெருங்க இரு குழுவினரும் ஒருவரையொருவர் அணுகி நிற்பர். கயிறுகளுக்கிடையிலான கோணம் குறையும். அதே ஆட்கள் அதே வலுவோடு இழுப்பினும் மடியை இழுக்கும் விளையுள் விசை பெருகும். விசை இணைகர விதிக்கு இதனினும் சிறந்த உதாரணம் வேறு வேண்டுமா?

இவ்விடத்துக் கலைப்பீடத்தாரும் தப்பமுடியாது. உடப்பின் அம்பாவை நாட்டார் இலக்கியமெனப் போற்றுவோர் சொல்லையும் சந்தத்தையும் ஆராய்ந்தனர்; கயிற்றை விட்டுவிட்டனர். இழுவையின் கணக்கறியாது சந்தத்தின் காரணத்தை எங்ஙனம் விளக்குவது? பௌதிகம் விஞ்ஞான பீடத்தின் சொத்து என்ற சோம்பல் இதற்குக் காரணமாகும்.

இனி, மீனவன் நியூற்றனை அனுபவத்தாலேயே அறிவான், அவனுக்குப் பாடம் எதற்கு என்று உருகுவோரும் உளர். இது புகழ்ச்சி வடிவில் வரும் வஞ்சனை. கடல் அவனுக்குக் கற்பிப்பது நியூற்றனை அன்று, அரிஸ்டோட்டிலையே. இழுப்பதை நிறுத்தினால் வலை நிற்கின்றது. துடுப்பை எடுத்தால் தோணி தளர்கின்றது. ஆதலின் இயக்கம் நீடிக்க விசை வேண்டும் என்று அவன் மகன் உள்ளூர நம்புகின்றான். பரீட்சைத் தாளிலோ 1687இல் வெளிவந்த முதலாம் விதியைப் பிழையின்றி எழுதுகின்றான். இரண்டும் ஒரே தலையில் ஒன்றையொன்று சந்திக்காமலே வாழ்கின்றன. சீரான வேகத்தில் நகரும் வலைமீது மனிதரின் இழுவையும் நீரின் தடையும் சமன். விளையுள் விசை பூச்சியம். இழுவையை நிறுத்தியதும் எஞ்சுவது தடை மட்டுமே, அதுவே வலையை நிறுத்துகின்றது என்று ஆசிரியர் கரையில் நின்று காட்டினால் அந்த நம்பிக்கை உடையும். மரக்குற்றி அதனை உடைக்காது.

சொற்களாலும் இடர் உண்டு. ஆர்முடுகல் என்ற சொல்லை எவரும் வீட்டிற் பேசுவதில்லை. ஆதலின் அது தீங்கு செய்வதுமில்லை. (தமிழகத்தார் முடுக்கம் என்பர்.) தீங்கு செய்வது வேலை என்னும் பழகிய சொல்லே. நீரோட்டத்திற்கு எதிராகக் கயிற்றை அசையாது பிடித்து நிற்பவன், பௌதிகவியலின்படி கயிற்றின்மீது வேலை எதுவும் செய்யவில்லை. ஏனெனில் இடப்பெயர்ச்சி இல்லை. ஆயினும் அவன் களைக்கின்றான். தசைநார்கள் உணவின் இரசாயனச் சக்தியை வெப்பமாக்கிக்கொண்டே இருக்கின்றன. இந்த இரண்டாம் வாக்கியத்தைச் சொல்லாது விடும் ஆசிரியர், தந்தையின் உழைப்பு பூச்சியம் என்றே மாணவனுக்குக் கற்பித்தவராவார். அதனைக் கேட்டால் சம்மாட்டி மகிழக்கூடும்.

எண்ணக்கருக்கள் உலகப் பொதுவானவை, உதாரணம் எதுவாயினும் ஒன்றே என்பது மறுப்போரின் வாதம். எண்ணக்கரு பொதுவே; அதன் அறியாமையால் வரும் நட்டம் பொதுவன்று. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதற்பொறி 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பொறிகளும் சேர்ந்து 900 மெகாவாற்றாயின. மெகாவாற்று வலுவின் அலகேயன்றிச் சக்தியின் அலகன்று. முழு வலுவில் ஒருநாள் ஓடினாற் கிடைக்கும் மின்சக்தி 216 இலட்சம் அலகு. நிலக்கரி நிலையங்களில் எரிபொருளின் சக்தியில் மூன்றிலொரு பங்கோ அதனிற் சற்றுக் கூடுதலோதான் மின்னாகும். எஞ்சிய பெரும்பகுதி வெப்பமாகக் குளிர்விக்கும் கடல்நீரோடும் புகைபோக்கியின் வளியோடும் வெளியேறும். சக்தி அழிவதில்லை என்று மனனஞ் செய்த மாணவனுக்கு, அழியாத அச்சக்தி தன் தந்தையின் கடலுக்குச் செல்வது தெரியாது.

அதே தீபகற்பத்திற் காற்றாலைகளும் சுழல்கின்றன. காற்றின் வேகம் இருமடங்காயின் அதிலிருந்து பெறத்தக்க வலு எண்மடங்காகும். கடலைக் கொந்தளிக்கச் செய்து நிலக்கரி இறக்குவதை நிறுத்தும் தென்மேற்குப் பருவக்காற்றே காற்றாலைகளை வேகமாகச் சுழற்றுகின்றது. இவ்விரண்டையும் ஒருசேரக் காணும் பிள்ளைக்கு இயக்கசக்தி பற்றிய பாடத்தில் இதில் ஒரு வரியேனும் கிடைப்பது அரிது.

வெளியேறும் நீர் செக்கனுக்கு எத்தனை கிலோகிராம், அது எத்தனை பாகை வெப்பநிலை உயர்ந்துள்ளது என்று கூட்டங்களில் எழுந்து கேட்கும் உரிமை கரையோரத்தாருக்கு உண்டு. அவ்விரு எண்களையும் நீரின் தன்வெப்பக் கொள்ளளவாற் பெருக்கினாற் கடலுக்குள் செல்லும் வெப்பத்தின் அளவு வரும். அந்தப் பெருக்கல் க.பொ.த. சாதாரண தர மாணவனுக்கு எட்டாததன்று.