பனியிலே ஒரு வினாடிக் கணக்கு

பந்தயம் என்றால் முந்தி வந்தவருக்கே வெற்றி என்பதுதான் நாம் அறிந்த நியாயம். அந்த நியாயத்துக்குள் எளிதில் அடங்காத பந்தயம் ஒன்று ஐரோப்பாவின் பனிமலைகளில் நடைபெறுகிறது. 'டூர் டி ஸ்கீ' என்பது அதன் பெயர். நீண்ட சறுக்குக் கட்டைகளைக் காலிலே பூட்டி, இரு கைகளாலும் கோல் ஊன்றிப் பனிமீது விரையும் வித்தையே ஸ்கீ. மலையிலிருந்து வழுக்கி இறங்கினால் மட்டும் இங்கே போதாது. மேட்டிலும் சமதரையிலும் சொந்த பலத்தினாலேயே செல்ல வேண்டும்.

நார்வே வீரர் வெகார்ட் உல்வாங்கும் ஸ்விட்ஜர்லாந்தைச் சேர்ந்த யூர்க் காபோலும், உல்வாங்கின் ஆவிக் குளியல் அறையில் வியர்வை சிந்திக்கொண்டிருக்கையில் இந்த யோசனை உதித்ததாம். பிரான்சு தேசத்தைச் சுற்றும் சைக்கிள் பந்தயமே இதற்கு முன்மாதிரி. முதற் பந்தயம் 2006 டிசம்பர் 31-ந் தேதி தொடங்கி, 2007 ஜனவரி 7-ந் தேதி முடிவுற்றது. ஆடவரில் ஜெர்மனியின் தோபியாஸ் ஆங்கரரும், பெண்டிரில் பின்லாந்தின் விர்பி குயிதுனெனும் வாகை சூடினர்.

பல நாள், பல கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆன நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். மொத்தம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். ஒரு கட்டத்தை முடிக்காமல் விலகினாலும் கணக்கிலிருந்து பெயர் நீங்கிவிடும். இம்மட்டும் தெளிவுதான். சங்கடம் இனிமேல்தான் வருகிறது.

நெடுந்தூர ஓட்டத்தில் வல்லவர் மற்றவரை நிமிஷக் கணக்கில் பின்தள்ளலாம். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு உட்பட்ட குறும்பாய்ச்சலிலோ, மகா வேகசாலிக்கும் கிடைக்கும் லாபம் சில வினாடிகளே. ஒரே கடிகாரத்தால் இருவரையும் அளந்தால், வேகசாலியின் திறமைக்கு மதிப்பேது? ஆகவே போனஸ் வினாடி என்று ஒரு தள்ளுபடி ஏற்படுத்தினார்கள். குறும்பாய்ச்சலில் முதலில் அவரவரைத் தனியே ஓடவிட்டுக் குறித்த நேரம் கணக்கில் சேர்கிறது. பின்னர் முப்பது பேரை ஆறு ஆறு பேராகப் பொருதவிட்டு, அதில் பெறும் இடத்துக்கு ஏற்ப வினாடிகளைக் கழித்து விடுகிறார்கள். முதல்வருக்கு 60 வினாடி கழித்த வருஷங்களும் உண்டு.

வேகசாலிக்கு இப்படிச் சலுகை தந்தவர்கள், மலையேறுபவரையும் மறக்கவில்லை. கடைசிக் கட்டம் இத்தாலியில் ஆல்பே செர்மிஸ் என்னும் மலை. பிறர் சறுக்கி இறங்குவதற்கென அமைந்த சரிவில் இவர்கள் ஏறுகிறார்கள்! சுமார் மூன்றரைக் கிலோமீட்டரில் நானூறு மீட்டருக்கு மேல் உயரம். ஆறு நாள் சேர்த்த வினாடிகள் அங்கே அரை மணிக்குள் கரைந்து போவதுண்டு. 2017-ல் ஸ்வீடனின் ஸ்டினா நில்சன் முதலாவதாகக் கிளம்பினார். நார்வேயின் ஹைதி வெங் அவரைப் பின்தொடர்ந்து, மலையிலே முந்திப் பட்டத்தையும் கொண்டுபோனார்.

அக்காலத்தில் முன்னணியில் இருப்பவர் முதலிலும், மற்றவர் தத்தம் வினாடிக் குறைவுக்கு ஏற்பப் பின்னாலும் புறப்படுவார்கள். உச்சியை முதலில் தொட்டவரே வெற்றியாளர். பார்ப்பவருக்குக் கணக்குப் பிள்ளை வேண்டியதில்லை. 2020 முதல் எல்லோரையும் சேர்ந்தே புறப்படச் செய்தார்கள். அதன் விளைவை 2021-ல் கண்டோம். மலையுச்சியை முதலில் அடைந்தவர் ஸ்வீடனின் எப்பா ஆண்டர்சன். பட்டமோ இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஜெஸி டிகின்ஸுக்கு.

இதிலே அநியாயம் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றே நாம் சொல்லுவோம். மலைக்கு எத்தனை மதிப்பு, வேகத்துக்கு எத்தனை மதிப்பு என்பதை மனிதர் கூடித்தான் தீர்மானிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒப்பான தராசு எங்கும் கிடைக்காது. ஆனால், எத்தனை வினாடி கழிப்பார்கள் என்பது முதல் நாள் கிளம்புமுன்னரே ஒவ்வொருவருக்கும் தெரியும். பந்தயம் நடக்கும்போது படிக்கல்லை மாற்றாதவரையில், தோற்றவருக்கும் அந்தக் கணக்கின் மேல் குறை சொல்ல இடமில்லை.