காப்பதற்காகக் கற்ற வேகம்

விளையாட்டில் வெற்றி பெற்றவர் பதக்கத்தோடு வீடு திரும்புவார். அத்துடன் அவரது கடமை முடிந்துவிடும். ஆனால், வெற்றி பெறுவதற்காகப் பெற்ற திறமையையே, முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காக்கவும் செலவிட வேண்டும் என்று விதித்திருக்கும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய நாட்டின் கடலோரங்களில் வழங்கிவரும் அலைகடல் உயிர்காப்புப் போட்டியே அது.

அதன் பிறப்பை முதலில் காண்போம். அந்நாட்டின் பல ஊர்களில் பகல் வேளையில் கடலாடுவது முன்னாளில் தடை செய்யப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தடை தளர்ந்ததும் மக்கள் திரளாகக் கடலில் இறங்கினர். அலையின் இயல்பறியாத பலர் மாண்டனர். அதனைக் கண்ட இளைஞர்கள் ஊர்தோறும் உயிர்காப்புச் சங்கங்களை நிறுவினர். 1907ஆம் ஆண்டில் சிட்னி நகரில் அச்சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. ஊதியம் பெறாத தொண்டு அது. ‘விழிப்பும் தொண்டும்’ என்பதே அவ்வியக்கத்தின் குறிக்கோள். பெண்களுக்கு முழு உரிமையுள்ள காவல் உறுப்பினராகும் வாய்ப்பு 1980ஆம் ஆண்டில்தான் கிடைத்தது.

1938ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், சிட்னியின் பாண்டை கடற்கரையில் அடுத்தடுத்து எழுந்த பேரலைகள் மணல்திட்டில் நின்றிருந்த நூற்றுக்கணக்கானோரை ஒருசேரக் கடலுக்குள் இழுத்துச் சென்றன. கரையிலிருந்த தொண்டர்கள் உடனே பாய்ந்தனர். ஏறத்தாழ 250 பேர் மீட்கப்பட்டனர், ஐவர் உயிரிழந்தனர். பழகிய கைகள் அங்கு இல்லாதிருந்தால் எத்தனை வீடுகளில் அழுகுரல் எழுந்திருக்கும்!

அந்தப் பழக்கத்தை உயிரோடு வைத்திருப்பவை போட்டிகளே. அவற்றுள் தலையாயது ‘அயர்ன்மேன்’ எனப்படும் இரும்பு மனிதர் போட்டி. நீந்துதல், பலகையில் படுத்தோ மண்டியிட்டோ கைகளால் துழாவிச் செல்லுதல், ‘ஸ்கீ’ எனும் ஒடுங்கிய படகைத் துடுப்பால் செலுத்துதல் ஆகிய மூன்றையும் ஒருவரே இடையறாது செய்து முடிக்கவேண்டும். 1966இல் இதன் முதல் தேசியப் பட்டத்தை ஹெய்டன் கென்னி வென்றார். 1980இல் அவருடைய மைந்தர் கிராண்ட் கென்னி, பதினாறே வயதில், இளையோர் பட்டத்தையும் பெரியோர் பட்டத்தையும் ஒருங்கே வென்று நாட்டை வியக்க வைத்தார்.

இவ்வீரரின் மனம் எத்தகையது? விடியுமுன் எழுந்து நீச்சல் குளத்திலும் கடலிலும் உடலை வருத்துவது ஒரு பாதிதான். மறுபாதி, கடலை வாசிக்கக் கற்பது. அலை எங்கே உடைகின்றது, எவ்விடத்தில் நீர் மீண்டும் ஆழத்தை நோக்கி ஓடுகின்றது என்பதைக் கரையில் நின்றே அவர் அறியவேண்டும். அவ்வாறு உள்நோக்கி இழுக்கும் ஓட்டத்தை எதிர்த்து நீந்துவோர் களைத்து மூழ்குகின்றனர். பயிற்சி பெற்றவரோ அதே ஓட்டத்தை விரைவாக உள்ளே செல்லும் பாதையாகக் கொள்கின்றார்.

மேலும், கடைசியாக வந்தவரை ஓர் அலை தூக்கி வந்து முதலாமவருக்கு முன்னே விட்டுவிடுவது இப்போட்டியில் வழக்கம். மாதக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் பின்தள்ளப்படும். தன் கையில் உள்ளதைக் குறைவறச் செய்து, தன் கையில் இல்லாததை மனக்கசப்பின்றி ஏற்கும் பக்குவத்தைக் கடலே அவருக்குக் கற்பிக்கின்றது.

போட்டியிட விரும்புவோர் உயிர்காப்புத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். விதிக்கப்பட்ட நேரம் கடற்கரைக் காவலும் செய்திருக்க வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான தொப்பி அணிந்து, அதே நிறக் கொடிகளுக்கிடையே நீராடுவோரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நிற்பது அப்பணி. அங்கே கைதட்டுவோர் இல்லை. ஒன்றும் நிகழாமல் பொழுது கழிந்தால் அதுவே பணியின் நிறைவு.

எனினும், இத்துணை உயர்ந்த நோக்கமுடைய விளையாட்டும் துயரத்திற்குத் தப்பவில்லை. கோல்டு கோஸ்ட் பகுதியின் குராவா கடற்கரையில் நடைபெற்ற தேசியப் போட்டிகளில் 1996, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று இளைஞர்கள் உயிரிழந்தனர். அவர்களுக்கு வயது முறையே 15, 19, 14. உயிரைக் காக்கக் கற்ற பிள்ளைகளே, காக்கத் தெரிந்தவர்கள் சூழ்ந்திருந்த கடலில் மாண்டனர். கொந்தளிக்கும் கடலில் போட்டியை நடத்தலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 2012இல் எஞ்சிய போட்டிகள் அங்கு கைவிடப்பட்டன. அலைகளுக்கிடையே தொலைவிலிருந்தும் கண்ணில் படும் பளிச்சென்ற மேலுடை பின்னர் நடைமுறைக்கு வந்தது.

பெற்றோரே, இதனைச் சிந்தியுங்கள். நம் பிள்ளைகளும் ஏதேனும் ஒரு களத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றனர். ‘முந்து, முந்து’ என்று கரையில் நின்று குரல் கொடுப்பது எளிது. ‘இன்று கடல் சரியில்லை; திரும்பி வா’ என்று சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும். அவ்வாறு திரும்பி வரும் பிள்ளையைக் கோழை என்று எவரும் இகழாதபடி பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே.

பரிசு பெற்ற பிள்ளையிடம், ‘எத்தனை பேரை முந்தினாய்?’ என்று மட்டும் கேளாதீர்கள். ‘நீ கற்றதனால் யாருக்கு உதவ முடியும்?’ என்றும் கேளுங்கள். ஆஸ்திரேலியக் கடலோரத்துத் தொண்டர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக விடையளித்து வரும் கேள்வி அது.